இ.எல்.84 புஷ்-புல் ஸ்டீரியோ ஆம்ப்: இடது பக்கம் பிளேட் சிவக்கிறது, இரு பக்கமும் ஹம். எதை மாற்றுவது, எதை அளப்பது?

கேத்தோடு130
நண்பர்களுக்கு வணக்கம். மேசையில் இருப்பது நான்கு இ.எல்.84 (அவுட்புட் வால்வு, பக்கத்துக்கு ஒரு ஜோடி), நான்கு இ.சி.சி.83 (முன் நிலை வால்வு), ஒரு ஜி.இசட்.34 (ரெக்டிஃபையர் வால்வு) கொண்ட ஆம்ப். பக்கத்துக்கு 10 வாட் ரகம். பல வருஷம் கரண்டே பார்க்காமல் கிடந்தது. 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு எழுப்பி, பிறகு நேரடியாகக் கொடுத்து எடுத்த அளவுகள்:

மெயின்ஸ் 238 வோல்ட் (பிரைமரி டேப் 220-ல் இருக்கிறது)
ஹீட்டர் 6.8 வோல்ட் ஏசி
இ.எல்.84 பிளேட் 328 வோல்ட்
வலது ஜோடியின் பொதுக் கேத்தோடு ரெசிஸ்டர் (130 ஓம்) மேல் 12.1 வோல்ட்
இடது ஜோடியில் 15.1 வோல்ட், இன்னும் ஏறிக்கொண்டிருந்தது

ஐந்தாறு நிமிஷத்தில் இடது பக்கம் ஒரு வால்வின் பிளேட் சிவக்கிறது, உடனே அணைத்தாயிற்று. இரண்டு ஸ்பீக்கரிலும் ஹம். வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் அப்படியே இருக்கிறது. வால்யூம் திருப்பினால் கரகர.

கப்ளிங் கப்பாசிட்டர் (ஒரு நிலையின் டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் அடுத்ததற்குக் கடத்துவது) எல்லாம் மெழுகு பூசிய பேப்பர், 0.1 மைக்ரோ 400 வோல்ட். ஃபில்டர் கேன் 50+50 மைக்ரோ 450 வோல்ட், இரண்டுக்கும் நடுவே சோக் (ஃபில்டர் சுருள்). எல்லாக் கப்பாசிட்டரையும் மொத்தமாக மாற்றிவிட்டு ஆரம்பிப்பதா, ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போவதா?

630வோல்ட்
மொத்தமாக மாற்றுங்கள். பேப்பர், எலக்ட்ரோலிட்டிக் எதையும் நம்பாதீர்கள். அளக்கிற நேரத்தில் மாற்றியே முடித்துவிடலாம்.

வால்வு வாத்தியார்
பாதிதான் ஒத்துக்கொள்வேன். பேப்பர் கண்டென்சரை (கப்பாசிட்டரைத்தான் சொல்கிறேன்) அளக்காமலே கழற்றி எறியலாம், அதில் வாதமே இல்லை. ஆனால் இருபது பாகத்தை ஒரே மூச்சில் மாற்றி, ஸ்விட்ச் போட்டதும் ஆம்ப் ஊளையிட்டால், பழைய கோளாறா புதிதாகச் செய்த கோளாறா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஒரு நிலையை முடித்து, கரண்ட் கொடுத்து, வோல்டேஜ் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். செராமிக், மைக்கா கண்டென்சர்களைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் கெடுவதில்லை. டோன் சர்க்யூட்டில் அவற்றை மாற்றினால் ஒலியின் தன்மைதான் மாறும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த ஆம்பில் 100 மைக்ரோ சுமார் 330 வோல்ட்டில் நிற்கிறது, அதாவது 5 ஜூலுக்கு மேல். நெஞ்சுக்குக் குறுக்கே பாய்ந்தால் ஆளைக் கொல்லப் போதும். அணைத்த பிறகு 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை முதலைக் கிளிப் வயரில் கட்டி, ஒரு முனையைச் சேசிஸிலும் மறுமுனையை இன்சுலேட் செய்த கைப்பிடி வழியாகக் கண்டென்சர் பாசிட்டிவிலும் வையுங்கள். ஐந்து செகண்டில் இறங்கிவிடும். மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். இன்னொன்று: எலக்ட்ரோலிட்டிக் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் சும்மா விட்டால் தானாகக் கொஞ்சம் வோல்டேஜ் திரும்பி வரும். வேலை முடியும்வரை அந்த ரெசிஸ்டர் கிளிப்பை எடுக்காதீர்கள். கரண்ட் இருக்கும்போது அளப்பதானால் மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப் செய்துவிட்டு, ஒரே கையால் சிவப்பு முனையை மட்டும் பிடியுங்கள்.

பின்_ஒன்பது
இடது பக்கச் சிவப்புக்கு நான் பார்க்கும் வழி: இ.எல்.84-ன் 2-ஆம் பின் கன்ட்ரோல் கிரிட். அதில் டிசி வோல்டேஜ் எவ்வளவு? பூஜ்யமாக இருக்க வேண்டும். பாசிட்டிவாக எதாவது இருந்தால் இரண்டு காரணம்தான். ஒன்று, முன் நிலையின் பிளேட் வோல்டேஜ் கப்ளிங் கப்பாசிட்டர் வழியே கசிகிறது. மற்றது, வால்வுக்குள் வாயு சேர்ந்து கிரிட் கரண்ட் ஓடுகிறது. வால்வைக் கழற்றிய பிறகும் சாக்கெட்டில் பாசிட்டிவ் இருந்தால் கப்பாசிட்டர். மறைந்துவிட்டால் வால்வு.

அந்தச் சோதனைக்கு அந்தப் பக்கத்து இரண்டு இ.எல்.84-ஐயும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால், இரண்டுக்கும் பொதுவான 130 ஓமில் ஓடும் கரண்ட் குறைந்து கேத்தோடு வோல்டேஜ் இறங்கும். மிச்சமிருக்கும் வால்வு அளவுக்கு மீறி இழுக்கும். ஒற்றை வால்வுக்குத் தேவை 270 ஓம்.

கேத்தோடு130
இரண்டு பக்கமும் அப்படியே பார்த்தாயிற்று. வால்வு இல்லாமல் 2-ஆம் பின்னில்: இடது 2.8 மற்றும் 0.3 வோல்ட், வலது 0.2 மற்றும் 0.15. கிரிட் ரெசிஸ்டர் எல்லாம் 470 கிலோ ஓம். ஆனால் அந்த 2.8 வோல்ட் கப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரின் ஓம் ரேஞ்சில் வைத்தால் ஓபன் என்றுதான் காட்டுகிறது. கப்பாசிட்டன்ஸும் 0.11 மைக்ரோ, சரியாக இருக்கிறது.

பின்_ஒன்பது
மீட்டர் சொல்வது பொய்யில்லை, ஆனால் உதவாது. கணக்குப் போடுங்கள்: 2.8 வோல்ட்டை 470 கிலோவால் வகுத்தால் 6 மைக்ரோ ஆம்பியர். முன் நிலை பிளேட்டில் சுமார் 180 வோல்ட் என்றால் கப்பாசிட்டரின் கசிவு 30 மெகா ஓம். சாதாரண மீட்டரின் ரேஞ்ச் 20 மெகாவோடு முடிகிறது. அதோடு ஓம் ரேஞ்சில் மீட்டர் கொடுப்பது ஓரிரண்டு வோல்ட்தான். பேப்பரில் ஈரம் ஏறிய கப்பாசிட்டர் வோல்டேஜ் கூடினால்தான் கசியத் தொடங்கும், சூடேறினால் இன்னும் மோசம். சேசிஸ் சூடாகச் சூடாகக் கேத்தோடு வோல்டேஜ் ஏறிக்கொண்டே போனதற்குக் காரணம் அதுதான்.

0.1 வோல்ட்டுக்கு மேல் கிரிட்டில் தெரிந்தால் மாற்றிவிடலாம். உங்களுடைய நான்குமே போயிற்று.

630வோல்ட்
நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. 😊 0.1 மைக்ரோ 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள். 400 வோல்ட் ரகம் வேண்டாம். வால்வுகள் முழுதாகச் சூடாகிக் கரண்ட் எடுப்பதற்கு முன்னால் பி-ப்ளஸ் (பிளேட்டுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) உச்சத்தை ஒட்டிச் சிறிது நேரம் நிற்கலாம். எண்ணெயில் ஊறிய காப்பர் ஃபாயில் ரகங்களின் இனிமையைப் பற்றி யாராவது சொல்ல வருவார்கள், வரட்டும். கசியாமல் இருந்தால் போதும்.

ஈயப்புகை
மதிப்பைக் கூட்டவும் வேண்டாம். "பாஸ் நன்றாக வரும்" என்று 0.1 இருந்த இடத்தில் 0.47 போடுகிறவர்கள் உண்டு. அவுட்புட் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஃபீட்பேக் இருக்கும் சர்க்யூட்டில் தாழ்ந்த அலைவரிசையில் ஃபேஸ் திரும்பும் இடம் மாறிவிடும். ஸ்பீக்கர் கோன் மெதுவாக உள்ளேயும் வெளியேயும் மூச்சுவிடுவதுபோல அசைந்தால் அதுதான் கோளாறு.

சால்டர் செய்யும்போது பழைய கால்களைப் பிடுங்காதீர்கள். டேக் ஸ்டிரிப்பில் வயரைச் சுற்றிச் சுற்றி முறுக்கியிருப்பார்கள். இழுத்தால் டேக்கே கையோடு வந்துவிடும். ஈயத்தை உறிஞ்சி எடுத்து, முறுக்கைப் பிரியுங்கள். பிரியவில்லை என்றால் கப்பாசிட்டரின் காலை உடலோரம் வெட்டி, மிச்சக் கம்பியைக் கொக்கியாக வளைத்துப் புதியதை அதில் சேர்க்கலாம். 40-60 வாட் அயர்ன், ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள 63/37 ஈயம். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் கிட்டேயே வரக்கூடாது. கால்கள் நீளமாக இருந்தால் வெட்டிச் சுருக்குங்கள், கிரிட் பக்கம் முக்கியமாக. 5 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தொங்கும் கிரிட் வயர் ஒரு ஆன்டெனா.

ஹம் வேட்டைக்காரன்
ஹம்முக்கு வருவோம். வால்யூம் பூஜ்யத்திலும் அப்படியே இருக்கிறது என்றால் வால்யூமுக்கு முன்னால் இருக்கும் எதுவும் குற்றவாளி இல்லை. பாதி ஆம்ப் விசாரணையிலிருந்து விடுபட்டது.

அடுத்து ஓசையைக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ஃபுல்வேவ் ரெக்டிஃபையருக்குப் பிறகு ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏசி அலை) 100 ஹெர்ட்ஸ். அது 'ஸ்ஸ்' கலந்த கரகரப்பான ரீங்காரம், ஃபில்டர் கோளாறு. வழுவழுப்பான, ஆழமான 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரிங், ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசிவு, அல்லது கிரவுண்ட் லூப்.

காதை நம்பாமல் அளந்தும் பார்க்கலாம். மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து இரண்டு ஃபில்டர் கப்பாசிட்டர் மேலும் பாருங்கள். உங்கள் மொத்தக் கரண்ட் 200 மில்லி ஆம்பியரை ஒட்டி வரும். 50 மைக்ரோவுக்கு முதல் கப்பாசிட்டரில் 8-9 வோல்ட் ஏசி இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். சோக்கைத் தாண்டியதும் 0.1-0.2 வோல்ட்டுக்குள் வந்துவிட வேண்டும். சில மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சிலும் டிசியைச் சேர்த்துக் காட்டும். சந்தேகமிருந்தால் சிவப்பு முனையோடு ஒரு 0.1 மைக்ரோ 630 வோல்ட் கப்பாசிட்டரைத் தொடரில் போடுங்கள்.

கேத்தோடு130
முதலாவதில் 11 வோல்ட். சோக்குக்குப் பிறகு 1.9 வோல்ட்.

ஹம் வேட்டைக்காரன்
இரண்டாவது செத்துவிட்டது, முதலாவதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. கேன் முழுக்கப் போக வேண்டும்.

வால்வு வாத்தியார்
பொறுங்கள். கேன் அரிதான அளவு என்றால் ரிஃபார்ம் (மெதுவாக வோல்டேஜ் ஏற்றி மீட்பது) செய்து பார்க்கலாம். 47 கிலோ ஓம் வழியாக 50 வோல்ட்டில் ஆரம்பித்து, படிப்படியாக ஏற்றி, ரெசிஸ்டர் மேல் விழும் வோல்டேஜை அளந்தால் கசிவு கரண்ட் தெரியும். 4.7 வோல்ட் என்றால் 0.1 மில்லி ஆம்பியர். ஒவ்வொரு படியிலும் கரண்ட் இறங்கி நிற்கும்வரை காத்திருந்து அடுத்த படி.

630வோல்ட்
வாத்தியாரே, ரிஃபார்ம் செய்தால் ஆக்ஸைடு படலம் வளரும், கசிவு குறையும். சரி. காய்ந்துபோன எலக்ட்ரோலைட் திரும்பி வருமா? இங்கே சோக்குக்குப் பிறகு 1.9 வோல்ட் ரிப்பிள் இருக்கிறது. கோளாறு கசிவில் இல்லை, கப்பாசிட்டன்ஸே போய்விட்டது. அதற்கு ரிஃபார்மில் மருந்து இல்லை.

வால்வு வாத்தியார்
இந்த அளவுக்கு அது சரிதான். மாற்றுங்கள். கேனை அழகுக்காக மேலே அப்படியே விட்டுவிட்டு, கீழே புதிய 47 மைக்ரோ 450 வோல்ட் 105 டிகிரி இரண்டை டேக் ஸ்டிரிப்பில் கட்டலாம். ஆனால் பழைய கேனின் பாசிட்டிவ் கால்களிலிருந்து எல்லா வயரையும் எடுத்துவிட வேண்டும். பழையதன்மேல் புதியதை இணையாகப் போட்டால் பழையதன் கசிவும் சூடும் அப்படியே தொடரும். ஒருநாள் ஷார்ட் ஆகி டிரான்ஸ்பார்மரைத் தின்றுவிடும்.

முதல் கண்டென்சரை 100, 220 என்று பெருக்க வேண்டாம். ஜி.இசட்.34-க்கு அனுமதி அதிகபட்சம் 60 மைக்ரோ. பெரியதாகப் போட்டால் ஒவ்வொரு அரை அலையிலும் வால்வு குறுகிய நேரத்தில் பெரிய கரண்டைக் கொடுக்க வேண்டியிருக்கும். கேத்தோடு பூச்சு உரிந்து, உள்ளே பொறி பறக்கும். சோக்குக்குப் பிறகு 100 மைக்ரோ போட்டால் தடை இல்லை.

ஹம் வேட்டைக்காரன்
முதல் கப்பாசிட்டரின் நெகட்டிவைச் சேசிஸில் கைக்கு எட்டிய இடத்தில் சால்டர் செய்யாதீர்கள். டிரான்ஸ்பார்மரின் ஹெச்.டி. (உயர் வோல்டேஜ்) வைண்டிங்கின் சென்டர் டேப் எங்கே வருகிறதோ, நேராக அந்த முனைக்குத் தனி வயர். அங்கிருந்து இரண்டாவது கப்பாசிட்டரின் நெகட்டிவுக்கு, அதன் பிறகுதான் சிக்னல் கிரவுண்டுக்கு. சார்ஜிங் கரண்ட் ஒவ்வொரு துடிப்பிலும் அரை ஆம்பியருக்கு மேல் போகும். அது இ.சி.சி.83 கிரவுண்டு வழியாகப் பயணம் செய்தால், நல்ல புதிய கப்பாசிட்டர் போட்ட பிறகும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கும்.

கேத்தோடு130
ஃபில்டர் இரண்டு, கப்ளிங் எல்லாம், கேத்தோடு பைபாஸ் இரண்டு (50 மைக்ரோ 25 வோல்ட் இருந்த இடத்தில் 100 மைக்ரோ 50 வோல்ட்) மாற்றியாயிற்று. இடது 12.3, வலது 12.2 வோல்ட். பிளேட் 326. சிவப்பு இல்லை. சோக்குக்குப் பிறகு ரிப்பிள் 0.12 வோல்ட். கரகர இல்லாத, மெல்லிய ஹம் மட்டும் மிச்சம். இனி சும்மா ஓட விடலாமா?

பின்_ஒன்பது
வேண்டாம். கணக்குப் பாருங்கள். 12.2 வோல்ட்டை 130-ஆல் வகுத்தால் 94 மில்லி ஆம்பியர். வால்வுக்கு 47. அதில் ஸ்கிரீன் (வால்வின் இரண்டாவது கிரிட்) பங்கு சுமார் 5 போனால் பிளேட்டுக்கு 42. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 314 வோல்ட். பெருக்கினால் 13.2 வாட். இ.எல்.84-ன் பிளேட் வரம்பு 12 வாட், பிளேட் வோல்டேஜ் வரம்பு 300. சிவக்காமல் ஓடும், ஆனால் ஆயுள் பாதியில் முடியும்.

630வோல்ட்
130 ஓமை எடுத்துவிட்டு 160 ஓம் 5 வாட் போடுங்கள். கரண்ட் இறங்கிவிடும்.

பின்_ஒன்பது
கரண்ட் இறங்கும், பி-ப்ளஸ் இன்னும் ஏறும். ஹீட்டர் 6.8 வோல்ட்டுக்கு அது என்ன செய்யும்? வரம்பு 6.3-க்குப் பத்து சதவீதம் மேலே கீழே, அதாவது 6.9 வரை. இவர் விளிம்பில் நிற்கிறார். மெயின்ஸ் 245 தொட்டால் தாண்டிவிடும். நோயின் வேர் 220 வோல்ட் பிரைமரியில் 238 கொடுப்பது. வேரில் கை வையுங்கள்.

18 வோல்ட் 1.5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று. அதன் பிரைமரி மெயின்ஸில். செகண்டரியை ஆம்புக்குப் போகும் லைவ் வயரில் தொடராக, எதிர் ஃபேஸில். ஆம்ப் எடுப்பது அரை ஆம்பியர் அளவுதான், எனவே செகண்டரிக்குச் சிரமமில்லை. ஆம்பை இணைப்பதற்கு முன் வெளியீட்டை அளங்கள். 256-ஐ ஒட்டிக் காட்டினால் ஃபேஸ் தலைகீழ், செகண்டரி முனைகளை மாற்றிப் போடுங்கள். 218-220 வந்தால் சரி. மூடிய பெட்டியில், ஃபியூஸுக்குப் பின்னால் வைக்க வேண்டும். மெயின்ஸோடு நேரடியாகப் பேசும் வேலை இது. அதில் பழக்கம் இல்லாதவர்கள் செய்து தரச் சொல்லி வாங்கிக்கொள்வது நல்லது.

ஈயப்புகை
மெயின்ஸ் பக்கம் கை வைக்கும்போதே: ஆம்பில் இரண்டு கோர் வயர் இருந்தால் தூக்கி எறிந்து மூன்று கோர் போடுங்கள். எர்த்துக்குச் சேசிஸில் தனி போல்ட், பூட்டு வாஷரோடு. டிரான்ஸ்பார்மரின் போல்ட்டையே எர்த்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒருநாள் தளரும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு பழைய பேப்பர் கப்பாசிட்டர் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். தேவைப்பட்டால் மட்டும் அந்த இடத்தில் ஒய்2 முத்திரை உள்ள சேஃப்டி கப்பாசிட்டர்.

பிரைமரி ஃபியூஸ் 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ. இன்னொன்றை ஹெச்.டி. சென்டர் டேப்பில் போடலாம். டிசி 200 மில்லிதானே என்று 250 மில்லி ஃபியூஸ் போட்டால் காரணமே இல்லாமல் எரியும். கரண்ட் துடிப்புத் துடிப்பாகப் போவதால் ஆர்.எம்.எஸ். மதிப்பு டிசியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். 500 மில்லி ஸ்லோ-ப்ளோ சரியாக இருக்கும். பெரிய ஷார்ட் வந்தால் அது போகும், டிரான்ஸ்பார்மர் தப்பும்.

சிலிக்கான்_ரசிகன்
ஜி.இசட்.34-ஐயே எடுத்துவிட்டு ஒன்.என்.4007 டயோடு போட்டால் என்ன? வால்வு செலவு மிச்சம்.

வால்வு வாத்தியார்
ஜி.இசட்.34 தன்னுள் வைத்துக்கொள்ளும் 15-20 வோல்ட்டும் பி-ப்ளஸில் சேரும். இங்கே குறைக்கத்தான் பாடுபடுகிறோம். மேலும் டயோடு ஸ்விட்ச் போட்ட கணத்தில் முழு வோல்டேஜ் கொடுக்கும். ஹெச்.டி. வைண்டிங் 270-0-270 என்றால் சுமையில்லாத உச்சம் 380. மெயின்ஸ் 238 இருந்தால் 410. அதை 450 வோல்ட் கண்டென்சர் ஒவ்வொரு முறையும் தாங்க வேண்டும். ஜி.இசட்.34 மெதுவாகச் சூடாகி, இ.எல்.84 கரண்ட் எடுக்கத் தொடங்கும் சமயத்தை ஒட்டித்தான் வோல்டேஜ் கொடுக்கும். அந்தத் தாமதம் இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பு.

டயோடுக்கு வேறு நல்ல உபயோகம் உண்டு. ஜி.இசட்.34-ன் ஒவ்வொரு பிளேட்டுக்கும் தொடராக ஒரு ஒன்.என்.4007 போடுங்கள். வால்வு உள்ளே ஷார்ட் ஆனாலும் ஏசி நேராக ஃபில்டர் கண்டென்சருக்குப் போகாது. வோல்டேஜில் மாற்றம் தெரியாது, தாமதமும் அப்படியே இருக்கும்.

கேத்தோடு130
18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டாயிற்று. ஆம்புக்கு 220, ஹீட்டர் 6.3, பிளேட் 303, கேத்தோடு இடது 11.3, வலது 11.2. என் கணக்கில் பிளேட்டுக்கு 11.2 வாட். ஆனால் இடது பக்கம் ஒரு வால்வு மற்றதைவிடச் சூடாகத் தெரிகிறது.

பின்_ஒன்பது
கேத்தோடு ரெசிஸ்டர் பொதுவாக இருப்பதன் குறை அது. ஒன்று 33, மற்றது 53 இழுத்தாலும் கூட்டுத்தொகை 86 என்று சாதுவாகக் காட்டும். தனித்தனியாக அறிய அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போதும். ஆம்ப் சூடாக இருக்கும்போது அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, சென்டர் டேப்பிலிருந்து ஒவ்வொரு பிளேட்டுக்கும் (7-ஆம் பின்) ஓம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு அளந்தால் செம்பின் ரெசிஸ்டன்ஸ் குறைந்திருக்கும், கணக்குத் தப்பும். இரண்டு பாதியும் சமமாக இருக்காது. வெளிச்சுற்றில் கம்பி நீளம், பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் சகஜம். பிறகு கரண்ட் கொடுத்து அதே இரண்டு இடங்களுக்கு நடுவே டிசி வோல்டேஜ். வோல்டேஜை ஓமால் வகுத்தால் பிளேட் கரண்ட். இங்கே மீட்டரின் இரண்டு முனைகளும் 300 வோல்ட்டில் இருக்கும். கையில் பிடிக்காமல், அணைத்த நிலையில் கிளிப் மாட்டிவிட்டுப் பிறகு ஸ்விட்ச் போடுங்கள்.

கேத்தோடு130
இடது: 112 ஓம், 4.1 வோல்ட், 124 ஓம், 5.0 வோல்ட். அதாவது 36.6, 40.3. வலது: 38.2, 38.9.

பின்_ஒன்பது
பத்து சதவீதம்தான் வித்தியாசம், விட்டுவிடலாம். இருபதைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர் கோரில் டிசி ஏறி பாஸ் கெடும், ஹம்மும் கூடும். ஹம் கூடுவதன் காரணம் உங்கள் மிச்ச ஹம்முக்கும் பொருந்தலாம்: புஷ்-புல்லில் சென்டர் டேப் ரிப்பிள் இரண்டு பக்கமும் சமமாக ஓடித் தன்னைத்தானே ரத்து செய்துகொள்ளும். சமம் இல்லாவிட்டால் மிச்சம் ஸ்பீக்கருக்குப் போகும்.

ஹம் வேட்டைக்காரன்
இவருடைய மிச்ச ஹம் இரண்டு பக்கமும், வழுவழுப்பாக. ஹீட்டர் பக்கம் பாருங்கள். 6.3 வோல்ட் வைண்டிங்குக்குச் சென்டர் டேப் இருக்கிறதா? இல்லாத டிரான்ஸ்பார்மரில் ஒவ்வொரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 100 ஓம் இருக்கும். இ.எல்.84 எப்போதாவது உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் அந்த 100 ஓமில் ஒன்று எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேத்தோடு130
இரண்டில் ஒன்று ஓபன். வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. புதிது போட்டதும் ஹம் போயிற்று, காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கிறது.

ஹம் வேட்டைக்காரன்
அரை வாட் ரெசிஸ்டர்தானே போட்டீர்கள்? ஒவ்வொன்றிலும் 0.1 வாட்தான் செலவாகிறது. 5 வாட் போட்டுப் "பலப்படுத்த" வேண்டாம். அடுத்த முறை ஷார்ட் வந்தால் ஃபியூஸ் மாதிரி எரிய வேண்டியது அதுதான்.

வால்யூம் கரகரவுக்கு, கிளீனர் அடிப்பதற்கு முன் வால்யூமின் நடுக்காலில் டிசி இருக்கிறதா பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தாலே திருப்பும்போது கரகரக்கும். கிளீனர் அடித்தால் நாலு நாள் நன்றாக இருந்து திரும்பி வரும்.

கேத்தோடு130
60 மில்லிவோல்ட் இருந்தது. முன் நிலையிலிருந்து வால்யூமுக்கு வரும் கப்பாசிட்டர், டோன் போர்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதை மாற்றியதும் பூஜ்யம், கரகரவும் இல்லை.

பிறகு 8 ஓம் 25 வாட் ரெசிஸ்டரைச் சுமையாகப் போட்டு 400 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்தேன். வலது 8.7 வோல்ட் வரை சுத்தம், 9.5 வாட். இடது 7.4 வோல்ட்டிலேயே கெடுகிறது, 6.8 வாட். ஸ்கோப்பில் மேல் பக்கம் மட்டும் தட்டையாகிறது. இ.எல்.84 ஜோடிகளை இடம் மாற்றினாலும் இடதுதான்.

ஈயப்புகை
ஸ்பீக்கருக்குப் பதில் ரெசிஸ்டர் போட்டீர்கள், நல்லது. சுமை இல்லாமல் மட்டும் சிக்னல் கொடுத்துவிடாதீர்கள். பிளேட்டில் வோல்டேஜ் எகிறி சாக்கெட்டில் பொறி பறந்து கரிக்கோடு விழும். கரிந்த சாக்கெட்டைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

வால்வு மாறியும் கோளாறு நகரவில்லை, ஒரு பக்கம் மட்டும் தட்டை. ஃபேஸ் ஸ்பிளிட்டரை (சிக்னலை எதிரெதிர் ஃபேஸில் இரண்டாகப் பிரித்து ஜோடி வால்வுக்குக் கொடுக்கும் நிலை) பாருங்கள். பிளேட்டில் ஒன்றும் கேத்தோடில் ஒன்றுமாகச் சம மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர் இருக்கும். பழைய கார்பன் காம்போசிஷன் என்றால் மேல்நோக்கி நகர்ந்திருக்கும். சர்க்யூட்டில் வைத்தே அளக்கலாம். இணையாக வேறு பாதை இருந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம், ஆனால் கப்பாசிட்டர்கள் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் அதிகமாகக் காட்டாது. எனவே குறைவாக வந்தால் ஒரு காலைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும். அதிகமாக வந்தால் சந்தேகமே இல்லை, போய்விட்டது.

கேத்தோடு130
கேத்தோடு பக்கம் 104 கிலோ, பிளேட் பக்கம் 138 கிலோ. இரண்டும் 100 கிலோ என்று வண்ணக்கோடு சொல்கிறது.

ஈயப்புகை
ஒரு இ.எல்.84-க்கு மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் டிரைவ் போகிறது, அதுதான் முதலில் முட்டுகிறது. இரண்டையும் எடுத்துவிட்டு 100 கிலோ 1 வாட் மெட்டல் ஃபிலிம், மீட்டரில் பொறுக்கி ஒரு சதவீதத்துக்குள் ஜோடி சேர்த்துப் போடுங்கள். மெட்டல் ஃபிலிமில் 'ஷ்ஷ்' சத்தமும் குறையும். கையோடு வலது பக்க ஜோடியையும், எல்லா இ.எல்.84 ஸ்கிரீன் ரெசிஸ்டரையும் (9-ஆம் பின்) அளந்துவிடுங்கள். பிளேட் சிவந்த வால்வின் ஸ்கிரீன் ரெசிஸ்டர் பெரும்பாலும் அடி வாங்கியிருக்கும்.

கேத்தோடு130
போட்டாயிற்று. இடது 8.6 வோல்ட், இரண்டு பக்கமும் சமமாகத் தட்டையாகிறது. ஸ்கிரீன் ரெசிஸ்டரில் ஒன்று 100 ஓமுக்கு 171 காட்டியது, அதையும் மாற்றியாயிற்று. நான்கு வால்வுக்கும் புதிது வாங்கத் தேவை இருக்கிறதா?

வால்வு வாத்தியார்
9 வாட் கொடுக்கும் வால்வை எதற்கு மாற்ற வேண்டும்? கண்ணாடி உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு வெளுத்தால் காற்று புகுந்துவிட்டது, அது குப்பை. கண்ணாடியின் உள்சுவரில் ஒட்டிய நீல ஒளி சகஜம். எலக்ட்ரோடுகளுக்கு நடுவே ஊதாப் புகை மாதிரித் தெரிந்தால்தான் வாயு. வாங்கும் நாள் வந்தால் 6பி.க்யூ.5 என்று எழுதியிருப்பதும் இதேதான். இ.சி.சி.83-க்கு 12ஏ.எக்ஸ்.7, ஜி.இசட்.34-க்கு 5ஏ.ஆர்.4. 7189 என்று எழுதியதும் உங்கள் ஆம்பில் ஓடும், அது 400 வோல்ட் பிளேட் தாங்கும் ரகம். தலைகீழாகச் செய்யக் கூடாது: 7189-க்காகக் கட்டிய 400 வோல்ட் ஆம்பில் சாதாரண இ.எல்.84 செருகினால் நீடிக்காது.

பத்து மணி நேரம் ஓடிய பிறகு இரண்டு கேத்தோடு வோல்டேஜையும், நான்கு கிரிட்டின் டிசியையும் மறுபடி அளந்து எழுதி, சேசிஸின் அடித்தகட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்து திறப்பவருக்கு அந்தக் காகிதம்தான் முதல் மீட்டர்.